மிட்சுயோவின் சனிக்கிழமை

கவாஷிரி,
8 நவம்பர் 1953

அன்பு மகள் மிட்சுயோவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே இந்த ஆண்டின் முதல் பனி நேற்று விழுந்தது. மலைமேல் இருக்கும் உன் ஆஸ்பத்திரியில் அது எப்போதோ விழுந்திருக்கும். ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டுதான் தூங்க வேண்டும் என்பது அங்கே சட்டமாமே. குளிர்ந்த காற்று நெஞ்சுக்கு நல்லது என்று டாக்டர் சொன்னால் நான் யார் குறுக்கே பேச? ஆனால் தலையை மூடிக்கொள். நான் அனுப்பிய கம்பளித் தொப்பியைப் போட்டால் கிழவி மாதிரி இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். இருந்துவிட்டுப் போகட்டும். நிஜமாகவே கிழவியாகும்வரை அதைப் போட்டுக்கொள்.

அறுவையில் விலா எலும்பு எடுத்த இடம் இன்னும் வலிக்கிறதா? முட்டையை மறுபடியும் பக்கத்துப் படுக்கைப் பெண்ணுக்குக் கொடுத்துவிடாதே. உனக்கு முட்டை பிடிக்காது என்பது எனக்குத் தெரியும், காசநோய்க்கு அது தெரியாது. மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கு.

கடையைப் பற்றிக் கவலைப்படாதே. டோஃபு நன்றாக விற்கிறது. விடியற்காலையில் சோயாவை அரைத்துக் காய்ச்சி உறைய வைத்தால் மத்தியானத்துக்குள் தொட்டி காலி. முதல் கட்டியை வழக்கம்போல அப்பா படத்துக்கு முன்னால் வைக்கிறேன். போருக்குப் போகும்போது உன்னைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போன மனிதர், இப்போது படத்திலிருந்து என்னையே முறைத்துப் பார்ப்பது போலிருக்கிறது. நானும் பதிலுக்கு முறைக்கிறேன்.

இனி உன் வகுப்புச் செய்தி. இதற்காகத்தான் மேலே எழுதியதையெல்லாம் வேகமாகப் படித்திருப்பாய்.

உங்கள் அறையின் பின்சுவரில், எந்தப் பிள்ளைகள் எந்த நாள் எதைத் துடைப்பது என்ற துப்புரவு முறைப் பலகை தொங்குகிறதே, அதில் சனிக்கிழமைத் தாழ்வாரக் குழுவின் கீழே உன் பெயர் எழுதிய மரக்கட்டை ஆணியில் அப்படியே இருக்கிறது. செப்டம்பரில் உன் தோழி சயோ டோஃபு வாங்க வந்தபோது பேச்சுவாக்கில், "அஞ்சு பேர் வேலைய இப்ப நாலு பேர் செய்யறோம், அத்தே. ஆனா பரவாயில்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தப் 'பரவாயில்ல' எனக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது. நம் வீட்டுப் பங்கை ஊரார் பிள்ளைகள் மண்டிபோட்டுத் துடைப்பதா? மறுநாளே குவபாரா வாத்தியாரைப் போய்ப் பார்த்தேன். அவர் கழுத்தைச் சொறிந்துகொண்டே, "அதெல்லாம் பசங்க பாத்துக்குவாங்கம்மா. உங்களுக்கு மனசு கேக்கலேன்னா, மிட்சுயோ வர்ற வரைக்கும் அந்தக் கட்டையக் கழட்டி வெச்சிடலாம்" என்றார். "ஐயையோ சார், அத மட்டும் செஞ்சிடாதீங்க. பேரு இருக்கட்டும். ஆளுக்குப் பதிலா நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டேன்.

ஆமாம், உன் அம்மாதான் இப்போது மூன்றாம் ஆண்டு இரண்டாம் பிரிவின் தாழ்வாரக் குழுவில் இருக்கிறாள். சிரிக்காதே, தையல் விட்டுவிடப் போகிறது. பாடத்தில் ஓர் ஆண்டு பின்தங்கினாலும் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் பலகையில் பெயர் தொங்கும்வரைதான் நீ இரண்டாம் பிரிவுப் பெண். அதை விட்டுவிட்டால் நீ ஆஸ்பத்திரிப் பெண் மட்டும்தான். அதனால் கடையைச் சயோவின் அம்மாவிடம் ஒரு மணி நேரம் ஒப்படைத்துவிட்டு ஒவ்வொரு சனிக்கிழமையும் போகிறேன்.

முதல் வாரம் உங்கள் பந்தயத்தைப் பார்த்து வாயடைத்துப் போனேன். ஈரத்துணியில் இரண்டு கையையும் ஊன்றி, பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடுகிறார்கள்! துடைக்கிறார்களா விளையாடுகிறார்களா என்று கடவுளுக்குத்தான் தெரியும். வகுப்புத் தலைவன் எய்ஜி இருக்கிறானே, பற்கள் துருத்திய பையன், அவன் என்னிடம், "அத்தே, தோத்தா ஆளுக்கு ஒரு கட்டி டோஃபு. சம்மதமா?" என்று சவால் விட்டான். நானும் கிமோனோவின் கையை இழுத்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். பாதியில் முழங்கால் முட்டிக் கவிழ்ந்தேன். பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நாலு கட்டி டோஃபு போயிற்று. உன் பங்கு ஒன்று பாக்கி, வந்து வாங்கிக்கொள்.

டோஃபு பிழிந்த சக்கையைத் துணிப்பையில் கட்டித் தேய்த்தால் மரத்தரை எப்படிப் பளபளக்கும் என்று உனக்குத் தெரியுமே. வாரம் ஒரு பை கொண்டுபோகிறேன். போன வாரம் தலைமையாசிரியர் அந்தப் பளபளப்பில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். எழுந்து கோட்டைத் தட்டிக்கொண்டு, "இந்தப் பள்ளிக்கூடத்துலயே இதுதான் சுத்தமான தாழ்வாரம்" என்று பாராட்டிவிட்டு நொண்டிக்கொண்டே போனார்.

உங்கள் வகுப்பில் எதற்கெடுத்தாலும் கூட்டம், கை தூக்கல். போர் முடிந்து வந்த புதுப் பழக்கம் இது. எங்கள் காலத்தில் வாத்தியார் இருமினால் நாங்கள் குனிந்துகொள்வோம். இப்போது வகுப்பறைக் கணப்படுப்பின்மேல் சூடாக்க யாருடைய சாப்பாட்டு டப்பாவை அடியில் வைப்பது என்பதற்குக்கூட ஓட்டெடுக்கிறார்கள். சேர்ந்திசைப் போட்டிக்குப் பயிற்சி நடக்கிறது. கீழ்க்குரல் பாட உன்னை விட்டால் ஆளில்லையாம், சயோ தவளை மாதிரி முயன்று பார்க்கிறாள்.

வசந்தத்தில் பள்ளி முடிந்து சான்றிதழ் கொடுக்கும்போது நீயும் அந்த வரிசையில் நிற்க வேண்டும். அதுவரை உன் இடத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

முட்டையை மறக்காதே.

உன் அம்மா,
தோயோ


கவாஷிரி,
17 ஜனவரி 1954

என் கண்ணு மிட்சுயோவுக்கு,

புத்தாண்டு அரிசிப் பலகாரம் மோச்சி கெட்டுப்போகாமல் வந்து சேர்ந்ததா? உன் பதில் கிடைத்தது. எடை கூடியிருக்கிறது, காய்ச்சல் விட்டுவிட்டது, செர்ரி பூக்கும்போது வந்துவிடுவேன் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்துவிட்டு அப்பா படத்துக்கு முன்னால் உரக்க ஒருமுறை படித்துக் காட்டினேன். ஆனால் கையெழுத்து உன்னுடையது இல்லையே. கை சோம்பலாக இருந்ததால் பக்கத்துப் படுக்கைப் பெண்ணை எழுதச் சொன்னாயாம். என் மகள் எதற்கும் சோம்பல்படுகிறவள் இல்லை. அடுத்த முறை இரண்டு வரியானாலும் நீயே எழுது. கோணலாக இருந்தால் நான் ஒன்றும் மதிப்பெண் குறைக்கப் போவதில்லை.

டிசம்பரில் நெஞ்சுக்குள் படம் எடுக்கும் வண்டி பள்ளிக்கு வந்தது. எல்லாப் பிள்ளைகளையும் வரிசையாக நிற்க வைத்துச் சட்டையைக் கழற்றி எடுத்தார்கள். உங்கள் வகுப்பில் தோக்குஜிக்கு ஏதோ நிழல் தெரிகிறது, மறுபடியும் பார்க்க வேண்டும் என்று சீட்டு வந்ததாம். ஒன்றும் இருக்காது. அவன் எப்போதும் சளிமூக்கன்தானே.

சனிக்கிழமை வேலை நடக்கிறது. இப்போதெல்லாம் நான் போனதும் தாழ்வாரத்து ஜன்னல்களை எல்லாம் திறந்துவிடுகிறார்கள். வெளியே இடுப்பளவு பனி. காற்றோட்டம் வேண்டும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள் போலிருக்கிறது. உன் ஆஸ்பத்திரி மாதிரியே இருக்கிறது, மகளோடு சேர்ந்து இருப்பதாக நினைத்துக்கொள்கிறேன். வாளித் தண்ணீரில் கை வைத்தால் விரல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. டோஃபுக்காரிக்குக் குளிர்ந்த தண்ணீர் என்ன புதிதா?

பந்தயம் இப்போது இல்லை. பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்கிறார்கள், அதனால் வேகமாக முடித்துக்கொண்டு போக நினைக்கிறார்கள். அந்தப் பக்கத்துப் பாதியை அவர்களும் இந்தப் பக்கத்துப் பாதியை நானுமாகப் பிரித்துக்கொண்டோம். எனக்கென்று தனியாக ஒரு வாளியும் துணியும் வைத்துவிட்டார்கள். வாளியின் பிடியில் சிவப்பு நூல்கூடக் கட்டியிருக்கிறது, மாறிப்போகாமல் இருப்பதற்கு.

சக்கைப் பை இனிமேல் வேண்டாமாம். குவபாரா வாத்தியார் கடைவரைக்கும் வந்து, வாசலிலேயே நின்றுகொண்டு, "மெழுகு வாங்கிட்டோம்மா. உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்?" என்றார். உள்ளே வந்து ஒரு வாய் தேநீர் குடியுங்கள் என்றேன். அவசர வேலை இருக்கிறது என்று போய்விட்டார். நல்ல மனிதர், பாவம். அவர் வாங்கிய மெழுகை நான் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை.

சேர்ந்திசைப் போட்டியில் இரண்டாம் பிரிவுக்கு மூன்றாம் இடம். நீ இருந்திருந்தால் முதலிடம் என்று சயோ சொன்னாள். அவளை வழியில் பார்த்தேன், தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து கத்திச் சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். அவள் அம்மாவுக்கு முதுகுவலி, அதனால் சனிக்கிழமைகளில் கடையைச் சும்மா சாத்திவிட்டுப் போகிறேன்.

டோஃபு விற்பனைக்குக் குறைவில்லை.

உன் பெயர்க் கட்டை பத்திரமாக இருக்கிறது. போன வாரம் அதன்மேல் தூசி படிந்திருந்தது, துடைத்துவிட்டு வந்தேன். யார் என்ன சொன்னாலும் அந்த ஆணியிலிருந்து அதை யாரும் எடுக்க விடமாட்டேன். நீ உன் பங்குக்குச் சாப்பிடு, தூங்கு. மற்றதை அம்மா பார்த்துக்கொள்வேன்.

உன் கையால் ஒரு வரி எதிர்பார்க்கும்,
அம்மா


கவாஷிரி,
14 பிப்ரவரி 1954, ஞாயிற்றுக்கிழமை

மிட்சுயோ,

நீ இந்த ஜென்மத்தில் செய்த ஒரே பெரிய குற்றத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கோபத்தோடுதான் எழுதுகிறேன். கோபம் இல்லையென்றால் எழுதவே முடியாது.

நேற்றுச் சனிக்கிழமை. என் பாதியைத் துடைத்துவிட்டு வாளியைக் கவிழ்த்து வைக்கும்போது குவபாரா வாத்தியார் வந்து, வகுப்புக் கூட்டம் இருக்கிறது, கொஞ்சம் உட்கார முடியுமா என்றார். உன் மேசையில் உட்கார்ந்தேன். கரும்பலகையில் சாக்கட்டியில் எழுதியிருந்தார்கள்: "மிட்சுயோவின் துப்புரவு முறை பற்றி." எழுத்து அழகாகத்தான் இருந்தது.

எய்ஜி தலைவனாக முன்னால் நின்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் ஒரு பெண் எழுந்து, "எங்க வீட்ல ரொம்ப பயப்படறாங்க. தோக்குஜிக்கு வந்த மாதிரி எனக்கும் வந்துடும்னு சனிக்கிழமை மட்டும் லீவு போடச் சொல்றாங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். தோக்குஜிக்கு அந்த நிழல் நிஜம்தானாம். அவனும் ஆஸ்பத்திரிக்குப் போகப் போகிறான். இன்னொரு பையன், "அத்தைக்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம். கட்டைய எடுத்துட்டா குழுவ மாத்திப் போடலாம். அப்ப அத்தை வரவேண்டிய அவசியமே இல்ல" என்றான். கெட்ட பையன் இல்லை அவன். எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னான். வாத்தியார் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் வீட்டோடு இருந்திருந்தால் பிள்ளைகள் உன் வியாதியை மறந்தே போயிருப்பார்கள். நாலு பேர் துடைத்திருப்பார்கள், பலகையை யாரும் நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டார்கள், கட்டை பாட்டுக்கு வசந்தம்வரை தொங்கியிருக்கும். கடன்படக் கூடாது, யாருக்கும் பாரமாகக் கூடாது என்று வாரம் தவறாமல் போய் நின்று, உன் நோயை அவர்கள் கண்முன்னால் காட்டிக்கொண்டே இருந்தது நான்தான். இப்படி ஒரு முட்டாள் இந்த ஊரில் உண்டா?

ஆனாலும் விடவில்லை. எழுந்து நின்றேன். குழந்தைகளுக்கு முன்னால் தலையைத் தாழ்த்திக் கும்பிட்டேன். "நான் வர்றதுதான் பயம்னா நான் வரல. நீங்க எல்லாரும் வீட்டுக்குப் போனப்புறம் வந்து தொடைச்சிட்டுப் போறேன், யாரும் என்னைப் பாக்க வேணாம். இல்ல, வரவே கூடாதுன்னாலும் சரி. அந்தக் கட்டைய மட்டும் விட்டுடுங்க. இன்னும் ஒரு மாசம்தானே, பள்ளிக்கூடம் முடியட்டும். அவ திரும்பி வந்து பாக்கும்போது அவ பேரு அங்க இருக்கணும்" என்று கெஞ்சினேன். சயோ மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். கட்டையை எடுக்கக் கையைத் தூக்கச் சொல்லியிருந்தால் ஒரு கைகூட எழுந்திருக்காது என்று இப்போதும் நம்புகிறேன்.

எய்ஜிதான் திணறினான். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, "நாங்களா ஆரம்பிக்கல, அத்தே. மிட்சுயோதான் எங்களுக்கு எழுதினா. தலைவன்னா இத வாசிக்கணும்" என்றான். வாசித்தான். "இரண்டாம் பிரிவு நண்பர்களுக்கு, என் பெயரைப் பலகையிலிருந்து எடுத்துவிடுங்கள்." அவ்வளவுதான் அவனால் முடிந்தது. நான் போய்க் கையை நீட்டினேன். வாத்தியார் ஏதோ தடுக்க வந்தார். பையன் தாளை என் கையில் கொடுத்துவிட்டான்.

உன் கையெழுத்து. ஒரு மாதமாக நான் கேட்டுக் கேட்டுக் கிடைக்காத கையெழுத்து. ஒவ்வொரு எழுத்தும் வரியை விட்டுக் கீழே சரிந்து கிடந்தது. எனக்குப் பக்கத்துப் படுக்கைப் பெண்ணின் கை, அவர்களுக்கு உன் கை.

மீதியையும் படித்தேன். மறுபக்க நுரையீரலிலும் இறங்கிவிட்டது, இனி அறுவை இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்று எழுதியிருக்கிறாய். திரும்பி வரப்போவதில்லை என்று எழுதியிருக்கிறாய். அம்மாவுக்கு இது தெரிய வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். கடைசியில், "பனியில் ஜன்னல்களைத் திறந்துவைக்கிறார்கள் என்று அம்மா எழுதியிருந்தாள். ஏன் திறக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள்மேல் கோபம் இல்லை. ஆனால் என் அம்மா இனி அந்தத் தாழ்வாரத்தில் மண்டிபோட வேண்டாம். பெயர் இருந்தால் அவள் வந்துகொண்டே இருப்பாள்" என்று முடித்திருக்கிறாய்.

நாற்பது குழந்தைகள் பார்த்துக்கொண்டிருக்க நான் அதைப் படித்தேன். அழவில்லை. அழத் தெரியவில்லை. பின்சுவருக்குப் போய்ப் பலகையிலிருந்து உன் கட்டையை நானே கழற்றினேன். பிள்ளைகளின் கையால் அது நடக்க வேண்டாம் என்று தோன்றியது. எய்ஜி வாசல்வரை கூடவே வந்து, "மன்னிச்சிடுங்க அத்தே, மன்னிச்சிடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அந்தப் பையன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வாளியைக் கழுவி வைக்காமல் வந்துவிட்டேன், அது ஒன்றுதான்.

உன்மேல்தான் கோபம். பதினைந்து வயதில் அம்மாவுக்குப் பொய் சொல்ல யார் கற்றுக்கொடுத்தது? ராத்திரியெல்லாம் யோசித்தேன். கற்றுக்கொடுத்தது நான்தான். டோஃபு விற்கவில்லை, மிட்சு. உன் வியாதி தெரிந்த நாளிலிருந்து விற்கவில்லை. அந்த வீட்டுத் தொட்டியில் கை விட்டு எடுத்ததை எப்படிச் சாப்பிடுவது என்று பேசிக்கொண்டார்கள். சயோவின் அம்மாவுக்கு முதுகுவலி இல்லை. சிவப்பு நூல் எதற்கு என்று எனக்கும் தெரியும். நான் மகிழ்ச்சியாக எழுதினால் நீ தேறிவிடுவாய் என்று நினைத்தேன். நீ தேறிவிட்டதாக எழுதினால் நான் உயிரோடு இருப்பேன் என்று நீ நினைத்தாய். இருவரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, எதிரே இருப்பவருக்காகச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறோம். ஒருவர் பக்கத்தில் ஒருவர் இருந்து அழுதிருக்கலாம். ஐந்து மாதம் வீணாகப் போய்விட்டது.

இந்த ஐந்து மாதமும் உன் இடத்தைக் காக்கிறேன் என்று பள்ளிக்கூடத்துத் தரையில் இருந்தேன். உன் பக்கத்தில் இருந்திருக்க வேண்டியவள்.

இன்று காலை சோயா ஊறவைக்கவில்லை. கடைப் பலகைகளைப் போட்டு மூடிவிட்டேன். அப்பா படத்தையும் துணியில் சுற்றிக் கட்டிக்கொண்டேன். மலைப்பாதையில் தண்டவாளத்தைப் பனி மூடிவிட்டது, வியாழக்கிழமைவரை ரயில் இல்லை என்று ஸ்டேஷனில் சொல்கிறார்கள். தபாலை மட்டும் சறுக்கு வண்டியில் மேலே அனுப்புகிறார்களாம். தபாலோடு என்னையும் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்டேன், சிரித்தார்கள். அதனால் இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்து சேரும். வியாழக்கிழமை முதல் வண்டியில் நான் வருகிறேன். வந்துவிட்டுத் திரும்பிப் போகிற வேலை இனி இல்லை. ஆஸ்பத்திரிச் சமையலறையில் பாத்திரம் தேய்க்க ஆள் வேண்டாமா? இடம் கொடுக்கவில்லையென்றால் வாசலில் கிடப்பேன்.

வராதே என்று எழுதாதே. ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லாதே. முட்டை பிடிக்கவில்லையென்றால் இனிமேல் சாப்பிட வேண்டாம். தொப்பி வேண்டாமென்றால் கழற்றிவிடு. உன்னை எதற்கும் திட்டமாட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன். இந்த நாலு நாளை மட்டும் எப்படியாவது தள்ளிவிடு. வேறு எதுவும் செய்ய வேண்டாம், கண்ணே. மூச்சு விட்டுக்கொண்டு இரு. நான் வரும்வரை இரு.

அம்மா